அக்குபங்சர் டிப்ளமோ: விரல் அளவில் கோட்டை விட்ட கதை

போன வாரம் ரிசல்ட் வந்தது. இரண்டாவது தடவையில் பாஸ். முதல் தடவை தியரி எல்லாம் தேறி, செய்முறையில் மட்டும் கவிழ்ந்தேன். உடம்பில் ஊசி குத்தும் 361 புள்ளிகளும் தலைகீழாகத் தெரியும் என்ற திமிரோடு போனவன் நான்.

குலசேகரம் பக்கம் எனக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. பதினைந்து வருடம் கத்தி பிடித்த கை. விரல் ஒவ்வொன்றும் மரச்சீனிக் கிழங்கு மாதிரி இருக்கும். காலில் உள்ள எஸ்.டி.36 என்ற புள்ளியைக் குறிக்கச் சொன்னார்கள். முட்டுச்சிரட்டைக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து மூன்று சுன் (அக்குபங்சரில் உடம்பை அளக்கும் அளவு), அதாவது நான்கு விரல் அகலம். படுத்திருந்த பையன் ஒல்லிப்பிச்சான். என் நான்கு விரலையும் ஒட்டி வைத்துப் புள்ளி போட்டேன். ஒரு விரல் அளவு கீழே போய்விட்டது. கேட்ட 6 புள்ளிகளில் 4 இப்படியே போயின.

ஊருக்கு வந்து பக்கத்து வீட்டு வர்ம ஆசானிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். "மக்ளே, உனக்க வெரலு உனக்க தேகத்துக்குள்ளதாக்கும். அவனுக்க காலு அளக்க அவனுக்க வெரலு வேண்டாமா?" சுன்னும் அதே கணக்குதான், படுத்திருப்பவரின் விரல்தான் அளவு. பாடப் புத்தகத்தில் அந்த வரிக்கு அடிக்கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன்!

அதனால் சொல்கிறேன், விரலை நம்பாதீர்கள். பங்கு போட்டு அளக்கப் பழகுங்கள். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை 12 சுன், யாருக்கானாலும் 12. முட்டின் பின்மடிப்பிலிருந்து வெளிக்கணுக்கால் வரை 16. அதில் சரிபாதி உயரத்தில் எஸ்.டி.40. தையல் சாமான் கடையில் எலாஸ்டிக் நாடா வாங்கி, பேனாவால் சம இடைவெளியில் 16 பங்கு குறியுங்கள். காலுக்குத் தக்கபடி இழுத்துப் பிடித்தால் பங்கு தானாக விரியும். அம்மா, மச்சான், டீக்கடை அண்ணன் என்று கிடைத்த காலையெல்லாம் அளந்தேன். தேர்வறைக்குள் நாடாவை விடமாட்டார்கள். அதற்குள் கண்ணுக்குப் பழகியிருக்கும்.

மற்றவை:

- கர்ப்பிணிக்கு எல்.ஐ.4 (கை), எஸ்.பி.6 (கால்), ஜி.பி.21 (தோள்) புள்ளிகளில் ஊசி வேண்டாம். என்னிடம் இரண்டு தடவையும் கேட்டார்கள்.
- ஜி.பி.21இல் ஆழமாகப் போனால் நுரையீரல். எத்தனை சுன் என்பதோடு ஏன் ஆபத்து என்றும் சொல்லுங்கள்.
- பயன்படுத்திய ஊசி, குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில். 2016 மருத்துவக் கழிவு விதி.
- கூட்டமாகப் படிக்காதீர்கள், பேச்சுதான் மிஞ்சும். நான் விடியுமுன் தலையில் லைட் கட்டிக்கொண்டு, மரத்துக்கு ஒரு புள்ளி என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன். மரம் 300 சொச்சம். கணக்கு கிட்டத்தட்ட ஒத்து வந்தது.

அப்புறம் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்ட கேள்வி: "பாஸானால் லைசென்ஸ் கிடைக்குமா?" முதல் தடவை "கிடைக்கும் சார்" என்றேன். தப்பு. மேற்கு வங்கத்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மகாராஷ்டிராவில் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் கவுன்சிலும் பதிவும் உண்டு. மத்திய அரசு 2003இல் சிகிச்சை முறையாக அனுமதித்தது, 2019இல் தனி மருத்துவ முறையாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் இல்லை, கவுன்சிலும் இல்லை. நம் கையில் இருப்பது படித்ததற்கான சான்று, அவ்வளவுதான். இரண்டு தடவை எழுதித் தேறிய நானும், இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவரும் ஒரே ரோட்டில் போர்டு மாட்டுவோம். யார் வந்து பார்ப்பது? எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல்.

மார்த்தாண்டத்தில் போர்டு எழுதுகிறவர், பெயருக்கு முன்னால் டாக்டர் போடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீங்களும் போடாதீர்கள், வம்பு.

நாடா வாங்கும்போது அரை அங்குல அகலத்தில் கேளுங்கள். மெல்லியது முறுக்கிக்கொள்ளும், பங்கு தப்பிவிடும்.