யாரைச் சேர்த்துக்கொள்வதில்லை?

ஒரு பெருநகரத்தில் இயங்கும் தொண்டு நிறுவனங்களின் விவரங்களைத் திரட்டிக் கையேடாக வெளியிடும் சிறு குழுவில் ஆறு ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்தையும் தொலைபேசியில் அழைத்து, முகவரி மாறியிருக்கிறதா, எந்த நேரத்தில் வரலாம், என்ன ஆவணம் வேண்டும், கட்டணம் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்வது என் வேலை. இவற்றோடு இன்னொரு கேள்வியையும் இப்போது தவறாமல் கேட்கிறேன்: "யாரை நீங்கள் சேர்த்துக்கொள்வதில்லை?" நகரத்தின் தொண்டுப் பணிகளைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி, இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில்களிலிருந்து வந்ததுதான்.

வன்முறைக்குத் தப்பிவரும் பெண்களுக்கான காப்பகம், தாயோடு வரும் மகன் ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டியிருந்தால் அவனை ஏற்பதில்லை. போதை மீட்பு மையம், மனநோய்க்கும் சேர்த்து மருந்து உட்கொள்பவரை மனநல மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறது; மனநல இல்லமோ குடிப்பழக்கம் உள்ளவரை மீட்பு மையத்துக்குப் போகச் சொல்கிறது. முதியோர் இல்லங்களில் பல, தாமாக எழுந்து நடமாட முடிந்தவர்களை மட்டுமே சேர்க்கின்றன. வீடற்றோருக்கான இரவுக் காப்பகத்தில் நாய்க்கு இடமில்லை என்பதால், அந்த நாயை விட்டுப் பிரிய மனமில்லாமல் வெளியிலேயே படுத்துக்கொள்பவர்களும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் இந்தப் பதில்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. பிறகு இலண்டனில் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட ஒரு குழந்தைகள் இல்லத்தின் வரலாற்றைப் படித்தேன். என் கோபம் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் அது போகவேண்டிய திசை மாறியது.

தெருவோரங்களில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்காத தாமஸ் கோரம் என்ற ஓய்வுபெற்ற கப்பல் தலைவர், பல ஆண்டுகள் அலைந்து ஆதரவு திரட்டி, 1739இல் அரச அனுமதி பெற்று அந்த இல்லத்தை நிறுவினார். இடத்தைவிட அதிகமாகத் தாய்மார்கள் வரத் தொடங்கியதும், 1742 முதல் ஒரு பையிலிருந்து நிறப் பந்து எடுக்கும் முறை வந்தது: வெள்ளைப் பந்து எடுத்தவரின் குழந்தை சேர்க்கப்பட்டது, கறுப்புப் பந்து எடுத்தவர் குழந்தையோடு திரும்ப வேண்டியிருந்தது, சிவப்புப் பந்து எடுத்தவர் காத்திருந்தார். இதைவிடக் கொடிய ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் 1756இல் நாடாளுமன்றம் பணம் தர முன்வந்து, கொண்டுவரப்படும் குழந்தைகள் அனைவரையும் ஏற்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தபோது, அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். பாலூட்டவும் பராமரிக்கவும் போதிய ஆட்கள் இல்லாமல் அவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். 1760இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கதவைத் திறந்து வைப்பது ஒன்று, உள்ளே வந்தவரைக் காப்பாற்றுவது வேறொன்று என்பதை இத்தனை துயரத்தோடு சொல்லும் இன்னொரு நிகழ்வை நான் அறியேன். பன்னிரண்டு படுக்கைகளும் இரண்டு ஊழியர்களும் உள்ள ஒரு காப்பகத்தின் பொறுப்பாளர் "முடியாது" என்று சொல்லும்போது, அந்தச் சொல்லை இப்போது நான் வேறு விதமாகக் கேட்கிறேன்.

ஒரு நிறுவனம் முடியாது என்று சொன்ன இடத்தில்தான் பெரும்பாலும் அடுத்த நிறுவனம் முளைக்கிறது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனைகள் கைவிட்ட நோயாளிகளுக்காக, செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967இல் தென் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார்; வலி தணிப்புச் சிகிச்சை என்று இன்று உலகெங்கும் அறியப்படும் துறை வளர்ந்ததில் அந்த இல்லத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர் எந்த அவசர எண்ணை அழைப்பது என்று தெரியாதிருந்த காலத்தில், 1953இல் அதே நகரத்தில் சாட் வாரா என்ற பாதிரியார் தம் தேவாலயத்திலிருந்து தொலைபேசி உதவியைத் தொடங்கினார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்கள், உடன் உட்கார்ந்து பேச்சுக் கேட்ட தன்னார்வலர்களாலேயே ஆறுதல் அடைவதைக் கண்டு, அந்தப் பணியை அவர் அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். தெருநாய்களுக்காக 1860இல் மேரி டீல்பி ஓர் இல்லம் அமைத்தபோது, மனிதர்களே வாடும் நகரத்தில் நாய்களுக்கு இல்லமா என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. அந்த இல்லம் இன்றும் இயங்கிவருகிறது.

உண்ணக் கொடுப்பதும் உறங்க இடம் தருவதும் மட்டுமே தொண்டு என்று நினைத்திருந்த எனக்கு, கையேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று தெரியாத நிறுவனங்கள் தொடக்கத்தில் குழப்பம் தந்தன. பூங்காவைப் பராமரிப்பவை, குடியிருப்போர் உரிமைக்காக வழக்காடுபவை, பழைய ஆவணங்களைப் பாதுகாப்பவை, குறிப்பிட்ட ஓர் அரிய நோய் உள்ள குடும்பங்களை மட்டும் ஒன்றுசேர்ப்பவை எனப் பல. இவற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவை, எதையும் நேரடியாகக் கொடுக்காதவை. கராச்சியின் ஒராங்கி பகுதியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் அதற்கு நல்ல சான்று. கழிவுநீர் தெருவில் ஓடிய அந்தக் குடியிருப்பில், அவருடைய குழு பணம் கொடுக்கவில்லை. வரைபடமும் கருவிகளும் தொழில்நுட்ப ஆலோசனையும் கொடுத்தது. சந்தில் உள்ள வீடுகள் சேர்ந்து தங்களுக்குள் பணம் பிரித்து, தங்கள் சந்தின் குழாயைத் தாங்களே பதித்துக்கொண்டன. அவை சென்று சேரும் பெரிய கால்வாய்களும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளப்பட்டது. மும்பையில் 1984இல் தோன்றிய ஸ்பார்க் அமைப்பு, எந்த அரசுப் பதிவேட்டிலும் முறையாக இடம்பெறாத நடைபாதைவாசிகளை, அங்கே வாழ்ந்த பெண்களோடு சேர்ந்து அடுத்த ஆண்டே கணக்கெடுத்தது. ஒருவரை எண்ணிக்கையில் சேர்ப்பதும் ஒரு சேவை என்று அதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

இத்தனை அமைப்புகள் எதற்கு, ஒரே வேலையைச் செய்பவற்றை ஒன்றாக இணைத்துவிடலாமே என்று நன்கொடையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே தெருவில் உள்ள இரண்டு இல்லங்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஒன்று மறுப்பவரை மற்றொன்று ஏற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இலண்டனில் 1869இல் உருவான தொண்டு ஒருங்கிணைப்புச் சங்கமும் சிதறிக் கிடந்த உதவிகளை ஒழுங்குபடுத்தும் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கியது. விரைவிலேயே உதவிக்குத் தகுதியானவர் யார், தகாதவர் யார் என்று விசாரிக்கும் இடமாகவும் ஆகிவிட்டது. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி என்றால், அந்தச் சாவி மறுக்கப்பட்டவருக்கு எந்தக் கதவும் திறக்காது.

எனவே, குறைக்க வேண்டியது நிறுவனங்களின் எண்ணிக்கையை அல்ல, அவற்றுக்கிடையே ஒருவர் அலையும் தூரத்தை என்பது என் உறுதியான கருத்து. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் போர் அறிவித்த மறுநாளே, 1939 செப்டம்பர் 4 அன்று, அந்நாட்டில் 200 இடங்களில் குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. காணாமல்போன உறவினர், இடிந்த வீடு, தொலைந்த பங்கீட்டு அட்டை என்று எதற்கு எங்கே போவது என்று சொல்வதே அவற்றின் முதன்மைப் பணி. அட்லாண்டாவில் 1997இல் தொடங்கிய 211 என்ற உதவி எண்ணும் அத்தகையதே. மூன்றாண்டுகளில் அந்த எண் அமெரிக்கா முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது. இத்தகைய வழிகாட்டும் பணிக்கு நன்கொடை கிடைப்பதுதான் மிகவும் அரிது. நிழற்படம் எடுத்து அனுப்ப இதில் குழந்தையும் இல்லை, கட்டடமும் இல்லை. தொலைபேசியருகே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அவருடைய ஊதியம் "நிர்வாகச் செலவு" என்ற தலைப்பில் போய்ச் சேர்வதால், அதைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் வருகிறது.

அந்தக் கேள்வியை நான் கேட்கத் தொடங்கிய காரணத்தையும் எழுதிவிடுகிறேன். ஒரு காப்பகத்தைப் பற்றிய குறிப்பில் "பெண்களும் குழந்தைகளும்" என்று எழுதியிருந்தேன். அதை நம்பி, ஒரு பெண் தன் பதினான்கு வயது மகனோடு இரவு பத்து மணிக்கு அங்கே போயிருக்கிறார். அவருக்கு இடம் உண்டு, மகனுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் விட்டுவந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வேறோர் அமைப்பின் வழியாக இது எங்களுக்குத் தெரியவந்தது. அந்த வரியை எழுதியவன் நான்.

அதன்பின் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் "சேர்த்துக்கொள்ளப்படாதவர்" என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதற்குக் கீழே, அவர்கள் அந்த இரவிலேயே செல்லக்கூடிய வேறோர் இடத்தின் பெயரும் எண்ணும். பதின்வயது மகனோடு வரும் தாய்க்கு அந்த இரண்டாவது கட்டத்தில் எழுத நான்கு ஆண்டுகள் எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. கடந்த சுற்றில் ஒரு சிறிய இல்லம், மாடியில் இரண்டு அறைகளை அவர்களுக்கென்று ஒதுக்கியிருப்பதாகச் சொன்னது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு, எண்ணை இருமுறை சரிபார்த்து எழுதினேன். மனநோயும் குடிப்பழக்கமும் சேர்ந்தவருக்கான கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.