பீச் ஸ்டேஷன்ல பீச் எங்க தாத்தா?

எங்கப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசாகுது. போன சனிக்கிழமை காலைல இட்லி சாப்பிட்டுக்கிட்டே திடீர்னு, "இன்னைக்கு நான் பீச்சுக்குப் போகணும்"னு சொன்னாரு. லீவுக்கு பெங்களூர்லேருந்து வந்திருந்த என் தங்கச்சி பையன் ஒம்பது வயசு வாலு, அடுத்த அஞ்சாவது நிமிஷம் அரை டவுசர், தோள்ல டவலு, கைல ஒரு பிளாஸ்டிக் வாளி, மண் அள்ற குட்டி கரண்டி சகிதமா வாசல்ல ரெடியா நிக்கறான். அப்பா சொன்னது ஃபர்ஸ்ட் லைன் பீச்ங்கற ராஜாஜி சாலை, அவன் நெனச்சது மெரினா. நான் சொல்லியிருக்கலாம்தான், ஆனா வாளியோட பீச் ஸ்டேஷன்ல எறங்கறவனைப் பாக்கணும்னு ஒரு அல்ப ஆசை, அதனால வாயை மூடிக்கிட்டேன்.

அப்பா முப்பத்தஞ்சு வருஷம் செகண்ட் லைன் பீச்ல ஒரு கிளியரிங் ஏஜென்சில கிளார்க். அதாவது கப்பல்ல வர்ற பெட்டிக்கெல்லாம் பில் ஆஃப் என்ட்ரிங்கற இறக்குமதி பேப்பரைப் போட்டு, கஸ்டம்ஸ் ஹவுஸ்ல மேஜைக்கு மேஜை நின்னு கையெழுத்து வாங்கி, பெட்டியைப் பிரிச்சு பேப்பர்ல போட்டிருக்கறதுதான் உள்ள இருக்கான்னு பக்கத்துல நின்னு பாத்து வெளிய எடுத்துட்டு வர்றது. இதை கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, கடைசில வேணும்.

குரோம்பேட்டைல ட்ரெயின் ஏறினோம். ஜன்னலோரம் உக்காந்ததும் அப்பா ஆரம்பிச்சாரு, இந்த லைன்ல 1931லயே கரண்ட்டு ட்ரெயின் ஓட ஆரம்பிச்சுது தெரியுமா, அப்பல்லாம் மீட்டர் கேஜு, பெட்டி சின்னது, ஆனா ஜனம் இதே ஜனம்தான்னு. பையன் காதுல எதுவும் ஏறல. பல்லாவரம் வந்ததும் "பீச் வந்துடுச்சா", சைதாப்பேட்டை வந்ததும் "பீச் வந்துடுச்சா", எக்மோர்ல எழுந்தே நின்னுட்டான்.

பீச் ஸ்டேஷன்ல எறங்கி வெளிய வந்தான். ஒரு பக்கம் பார்த்தான், பஸ்ஸு. இன்னொரு பக்கம் பார்த்தான், சார்ஜர் கடை. பின்னாடி திரும்பிப் பார்த்தான், ஸ்டேஷனுக்கு அந்தாண்ட ஹார்பர் செவுரு. வாளியைக் கீழ வச்சுட்டு எங்கப்பாவைப் பாத்து, "தாத்தா, பீச் எங்க?"ன்னான் பாருங்க, அந்தக் குரல்ல இருந்த ஏமாத்தத்துக்கு எனக்கே பாவமா போச்சு. பக்கத்துல பழம் வித்துக்கிட்டிருந்த அம்மா சிரிச்சுக்கிட்டே, "பீச்சு அப்பவே போயிடுச்சு கண்ணு"ன்னாங்க.

அப்பாவுக்கு இதைவிட என்ன வேணும், அங்கயே பிளாட்பாரத்துல நின்னு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. நெஜமாவே இந்த ராஜாஜி சாலைக்கு எதிர்லதான்டா கடல் இருந்துச்சு, அதனாலதான் ஃபர்ஸ்ட் லைன் பீச்னு பேரு, அப்ப துறைமுகமே கெடையாது, கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், சாமானும் ஆளும் மசூலா படகுல ஏறி அலைல குதிச்சுக் குதிச்சு கரைக்கு வரணும். அப்புறம் துறைமுகம் கட்டினாங்க, 1881ல வேலை முடியற நேரமாப் பாத்து ஒரு புயல் வந்து பாதியை வாரிக்கிட்டுப் போச்சு, திரும்பக் கட்டினாங்க, 1904க்கு மேல ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்னு ஒரு தொரை வந்து வாசலையே வடகிழக்குப் பக்கம் மாத்தி வச்சாரு. நம்ம கரையோரமா மணல் எப்பவும் தெக்கேருந்து வடக்கே நகர்ந்துக்கிட்டே இருக்கும், இந்தத் துறைமுகச் செவுரு குறுக்க வந்ததும் அது தெக்கயே தங்கிடுச்சு, அதுதான் இன்னைக்கு இவ்ளோ அகல மெரினா. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராம கடல் கரையைத் தின்னுடுச்சு. "ஆக நீ தேடற பீச்சு இங்கருந்து அங்க ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு"ன்னு முடிச்சாரு. பையன் யோசிச்சுட்டு, "அப்ப நாம அங்கதான போயிருக்கணும்?"னு கேட்டான். பதில் இல்ல. ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக் குடுத்து சமாளிச்சோம்.

சரி, அப்பா வந்த காரணம் வேற. அவருக்கு பர்மா பஜார் பாக்கணும், அதுவும் குறிப்பா சப்வே பக்கத்துலேருந்து மூணாவது கடை.

இந்தத் தலைமுறைக்கு பர்மா பஜார்னா மொபைல் கவர், அவ்ளோதான். எங்களுக்கு அது சிங்கப்பூர். பர்மால 1962ல ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்க, 1964ல அம்பது நூறு கியாட் நோட்டும் செல்லாதுன்னு ஆக, தலைமுறை தலைமுறையா அங்க பொழைச்ச நம்ம ஜனம் கட்டின துணியோட கப்பலேறி இங்க வந்து எறங்குச்சு, அவங்களுக்குப் பொழப்புக்குன்னு அமைஞ்ச கடைங்கதான் இது. அப்புறம் மெல்ல மெல்ல ஃபாரின் சாமான் வந்துச்சு. ராஜுலா கப்பல், அது 1973ல நின்னப்புறம் சிதம்பரம் கப்பல், பெனாங்கு சிங்கப்பூர்லேருந்து வந்து நின்னா பஜாரே மொகம் கழுவி பவுடர் போட்ட மாதிரி இருக்கும்னு அப்பா சொல்வாரு. குருவிங்க, அதாவது கூலிக்கு ஃபாரின் சாமான் தூக்கிட்டு வர்றவங்க, கொண்டாந்த நைலக்ஸ் புடவை, சென்ட்டு பாட்டில், கோடாலி தைலம், வாட்ச்சு, ஜப்பான் டேப் ரெக்கார்டர். எங்க தெருவுல யாராவது மேல சென்ட்டு வாசனை வந்தா "பர்மா பஜாரா?"ன்னுதான் கேப்பாங்க. 1985ல சிதம்பரம் கப்பல் தீப்பிடிச்சு அதோட சரி, 1991க்கு மேல எல்லா சாமானும் தி.நகர்லயே கெடைக்க ஆரம்பிச்சதும் ஃபாரின்ங்கற வார்த்தைக்கே மவுசு போச்சு.

நடந்துக்கிட்டே அப்பா எதிர்ப்பக்கம் கை காட்டிக்கிட்டே வர்றாரு. அந்த செவப்பு பில்டிங் ஜி.பி.ஓ, பெரிய போஸ்ட் ஆபீஸு, 1884லேருந்து அங்கயேதான் நிக்குது, நல்ல வேளை. இங்க ஒரு டீக்கடை இருந்துச்சு, கப்பல் வந்த சேதி கஸ்டம்ஸுக்கு முன்னாடி அந்த டீ மாஸ்டருக்குத் தெரியும். அங்க ஒருத்தர் கட்டைப் பேனா ரிப்பேர் பண்ணுவாரு, பேனாவைக் காதுக்கிட்ட வச்சு ஆட்டிப் பாத்தே நிப்பு போயிடுச்சா நாக்கு போயிடுச்சான்னு சொல்லிடுவாரு. அந்த மூலைல ஒருத்தர் ஸ்டூல் போட்டு டைப் மிஷினோட உக்காந்திருப்பாரு, பக்கத்துக்கு இவ்ளோன்னு காசு. இப்ப அந்த இடத்துல எல்லாம் ஸ்கிரீன் கார்டு ஒட்டறாங்க. அப்புறம் அப்பா தன்னோட வெள்ளை சட்டையைத் தடவிப் பாத்துட்டு, "ஒண்ணு மட்டும் நல்லா ஆயிடுச்சு, அப்பல்லாம் சாயந்தரம் வீட்டுக்கு வந்தா காலர்ல கரித்தூள் கோடு போட்டிருக்கும், உங்கம்மா திட்டிக்கிட்டே துவைப்பா"ன்னாரு. ஹார்பர்ல நிலக்கரி எறக்கறதை 2011ல கோர்ட்டு சொல்லித்தான் நிறுத்தினாங்க, அதுக்குள்ள இவரு ரிட்டயர் ஆயிட்டாரு.

ஹைகோர்ட் செவுத்துக்கிட்ட எம்டன் குண்டு போட்ட கல்வெட்டைக் காட்டினாரு. 1914 செப்டம்பர் 22, ராத்திரி, ஜெர்மன் கப்பல், ஹார்பர் பக்கத்துல எண்ணெய் டாங்க் எரிஞ்சுது, பாதி ஊரு மூட்டை கட்டிக்கிட்டு ஓடுச்சு. மேல பாரு, அந்தக் கோபுரத்துலதான் 1977 வரைக்கும் லைட் ஹவுஸ் வெளக்கு எரிஞ்சுதுன்னாரு. பையன் எம்டன் கதையை மட்டும் வாயைப் பொளந்து கேட்டான். எங்க வீட்ல எம்டன்னா அது எங்கப்பாதான்னு அவன்கிட்ட சொல்ல நெனச்சேன், அவரு பக்கத்துலயே இருந்தாரு.

திரும்பி வந்து மூணாவது கடை. அப்பா சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பாத்துக்கிட்டு உள்ள போய், கடைல இருந்த பையன்கிட்ட (இருபத்திரெண்டு வயசு இருக்கும்) ரொம்ப கம்பீரமா, "டூ இன் ஒன் இருக்கா தம்பி?"ன்னாரு. "இருக்கு பெரியவரே"ன்னு அவன் எடுத்துப் போட்டது ரெண்டு முனை வச்ச சார்ஜர் வயரு. அப்பா, "இது இல்லப்பா, ரேடியோவும் கேசட்டும் சேந்து வருமே"ன்னாரு. அவன் கொஞ்ச நேரம் அவரையே பாத்துட்டு உள்ள திரும்பி, "அண்ணே, கேசட்டுன்னா என்னாண்ணே?"ன்னு கத்தினான். உள்ளருந்து வந்தவரு அப்பாவைப் பாத்ததும் ஸ்டூல் போட்டாரு. அவங்கப்பா காலத்துக் கதையெல்லாம் பேசி டீ வாங்கிக் குடுத்தாரு. ஒண்ணுமே வாங்காம வந்தோம்.

அதுல எனக்குக் கூச்சமா இருந்துச்சு, எதாவது வாங்கணுமேன்னு, பத்தடி தள்ளி பிளாட்பாரத்துல பையை விரிச்சு நின்னவன்கிட்ட காதுல மாட்டற அந்த வயரில்லாத இயர்பட்ஸ் வெலை கேட்டேன். ஆயிரத்து ஐநூறுன்னான். நான் முந்நூறு. அவன் போயிடுங்க சார்னான். நான் போனேன். அவன் கூப்பிட்டான். நானூறுக்கு முடிஞ்சுது. சாம்பிள் ஒண்ணு மாட்டிவிட்டு பாட்டு போட்டுக் காட்டினான், இளையராஜா அப்படியே மண்டைக்குள்ள உக்காந்தாரு. சீல் பிரிக்காத டப்பாவைக் குடுத்தான். அப்பா, "பிரிச்சுப் பாருடா"ன்னாரு. "அப்பா, இது உங்க காலம் இல்ல"ன்னேன். இந்த வாக்கியத்தையும் ஞாபகம் வச்சுக்கங்க.

அப்புறம் செகண்ட் லைன் பீச் பக்கமா அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். தள்ளுவண்டிகிட்ட ஸ்டூல்ல உக்காந்துட்டா அந்தக் கையைத்தான் பாக்கணும், மஞ்சளா செவப்பா இருக்கற நூடுல்ஸ் ஒரு பிடி, கோஸு, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மொளகாத் தூளு, அதுமேல பேஜோவை (தட்டை மாதிரி மொறுமொறுன்னு பொரிச்சது) நொறுக்கிப் போட்டு கையாலயே ஒரு பிசை பிசைஞ்சு தட்டுல தட்டுவாங்க, பக்கத்துல ஒரு கிண்ணம் சூடா வாழைத்தண்டு சூப்பு. அவிச்ச முட்டையைக் கீறி உள்ள வறுத்த வெங்காயம் திணிச்சுத் தர்ற மசாலா முட்டை வேற. பையன் நாலு முட்டை சாப்பிட்டான், பீச்சை மறந்துட்டான்.

சூப்பு ரெண்டாவது கிண்ணம் போறப்பதான் அப்பா மெதுவா, "அந்த டூ இன் ஒன்னை கஸ்டம்ஸ்காரன் பிடுங்கல"ன்னாரு.

எங்க வீட்டுக் கதை என்னன்னா, 1983 தீபாவளி போனஸ்ல அப்பா எங்களுக்கு ஜப்பான் டூ இன் ஒன் வாங்கினாரு, ஸ்டேஷன் வாசல்ல கஸ்டம்ஸ்காரங்க பில்லு கேட்டுப் பிடுங்கிட்டாங்க, தொழில்ல இருக்கறவருன்னால எதுத்துப் பேச முடியல. எனக்கு அப்ப ஏழு வயசு. ஸ்கூல்ல இதைச் சொல்லி சண்டையே போட்டிருக்கேன்.

நெஜம் என்னன்னா, மூணாவது கடைல வெலை கேட்டிருக்காரு, நியாயமாத்தான் சொல்லியிருக்காங்க, ஆனா வெளிய நின்ன ஒருத்தன் "சார், அதே பீஸு, பாதி வெல, கப்பல்லேருந்து நேரா"ன்னு காதுல ஊதியிருக்கான். ஒண்ணைப் பாட வச்சுக் காட்டிட்டு, போலீஸ் வருது சீக்கிரம்னு பேக் பண்ணின டப்பாவைக் கைல திணிச்சுட்டான். அப்பா மாம்பலம் தாண்டறப்ப ஆசை தாங்காம ஓரத்தைக் கிழிச்சுப் பாத்தாரு. உள்ள தினத்தந்தி. அதுக்குள்ள வெள்ளாவி வச்ச மாதிரி பளிச்சுன்னு ஒரு செங்கல்.

ஊரான் பெட்டியெல்லாம் பிரிச்சுப் பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கின மனுஷன்.

"செங்கல்லை என்ன பண்ணீங்க?"ன்னேன். "ட்ரெயின்ல எப்படிடா போடறது, ஜனம் பாக்குது. உங்கம்மா துளசித் தொட்டிக்கு முட்டுக் குடுக்க ஒரு செங்கல் வேணும்னு ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருந்தா"ன்னாரு. எனக்கு அத்தோ மூக்குல ஏறிடுச்சு. அவரு அம்மா கேட்டதை மறக்காம வாங்கிட்டு வந்த ஒரே நாளு அதுவாத்தான் இருக்கும்.

திரும்பி வர்ற ட்ரெயின்ல சிரிச்சு ஓஞ்சு, நான் டப்பாவைப் பிரிச்சேன். இடது காதுல மாட்டினேன், கச்சிதமா இருந்துச்சு. வலது காதுல மாட்டினேன், விழுந்துச்சு. திரும்ப மாட்டினேன், விழுந்துச்சு. பையன் அதைக் கைல வாங்கிப் பாத்துட்டு, "மாமா, இதுலயும் எல்லுன்னு போட்டிருக்கு"ன்னான். ரெண்டுமே இடது காது. அப்பா ஜன்னல் பக்கம் மொகத்தைத் திருப்பிக்கிட்டாரு. சேத்துப்பட்டு வரைக்கும் பேசல, நுங்கம்பாக்கம் வரைக்கும் பேசல. கோடம்பாக்கத்துல தோளு குலுங்க ஆரம்பிச்சது, மாம்பலத்துல எதிர் சீட்டு மாமி, "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேக்கற அளவுக்கு வந்துடுச்சு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு, "எங்க காலம் இல்லையே."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்லலாமா வேணாமான்னு நானும் அப்பாவும் கண்ணாலயே பேசிக்கிட்டிருக்கறப்ப பையன் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே, "பாட்டி, தாத்தா வாங்கினது செங்கல்லு!"ன்னு போட்டு ஒடச்சுட்டான். அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க, நிமிரக்கூட இல்ல. "தெரியும். செங்கல்லுல செல்லோ டேப்பு ஒட்டியிருந்துச்சு, எந்த ஊர்ல செங்கல்லுக்கு டேப்பு ஒட்டி விக்கறான்"னாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல ஆகுது, ஒரு வார்த்தை கேட்டதில்ல. அப்பா மொகத்தைப் பாக்கணுமே.

பையன் பால்கனிக்கு ஓடி, துளசித் தொட்டியை ஒரு பக்கமா சாய்ச்சு அந்தச் செங்கல்லை உருவப் பாத்தான், பாசி பிடிச்சு பச்சையா, ஒரு மூலை மட்டும் லேசா தேஞ்சு. உள்ளருந்து அம்மா சத்தம் போட்டாங்க: "வச்ச எடத்துல வைடா! உங்க தாத்தா பர்மா பஜார்ல வாங்கினதுல இன்னும் ரிப்பேர் ஆகாத ஒரே சாமான் அதுதான்."