தராசு சொல்லாத பாதி

பெயர் தெரியாத உலோகத்தின் அணுநிறையைக் கண்டுபிடி என்று கேட்டால் உடனே கால்குலேட்டரைத் தேடுகிறோம், ஆனால் கணக்கு பண்ணுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அந்த உலோகத்தின் குளோரைடு 1.11 கிராம் எடுத்து நீரில் கரைத்து, சில்வர் நைட்ரேட் கரைசலைத் தேவைக்கு மேலேயே ஊற்றினால், அதிலுள்ள குளோரின் முழுக்க சில்வர் குளோரைடாக மாறி வெள்ளை வீழ்படிவாக இறங்கிவிடும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி எடை பார்த்தால் 2.87 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சில்வர் குளோரைடின் மோலார் நிறை (ஒரு மோலின் எடை; மோல் என்பது அணுக்களை, மூலக்கூறுகளை எண்ணும் அலகு) 143.3 கிராம், ஆக இது 0.02 மோல், குளோரினும் அதே 0.02 மோல், அதாவது 0.71 கிராம். மிச்சம் 0.40 கிராம் உலோகம்.

சரி, இந்த 0.40 கிராம் எத்தனை மோல்?

ஓர் உலோக அணுவுக்கு ஒரு குளோரின் என்றால் அணுநிறை 20, இரண்டு என்றால் 40, மூன்று என்றால் 60. எத்தனை முறை நிறுத்தாலும் கிடைப்பது சமான நிறை (ஒரு மோல் குளோரினோடு சேரும் உலோகத்தின் எடை) 20 மட்டும்தான், அதை எந்த இணைதிறனால் (ஓர் உலோக அணு பிடித்துவைக்கும் குளோரின் அணுக்களின் எண்ணிக்கையால்) பெருக்குவது என்று தராசு சொல்லாது. பாடப்புத்தகம் வாய்பாட்டைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவதால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படுவதில்லை. கணக்கின் சுவாரஸ்யமான பாதியை அவர்களே போட்டுவிடுகிறார்கள் என்பேன்.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1819-ல் டூலாங், பெட்டி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் கவனித்தது: திடத் தனிமங்களின் தன்வெப்பத்தை (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஜூல் அலகில்) அணுநிறையால் பெருக்கினால் பெரும்பாலும் 25 என்ற எண்ணை ஒட்டியே வருகிறது (கார்பன் மாதிரி சில முரண்டுகள் தவிர). நம் உலோகத்தின் தன்வெப்பம் 0.65 என்றால், 25-ஐ அதால் வகுக்க 38 சொச்சம். துல்லியம் போதாதுதான், ஆனால் 20, 40, 60 மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இது தாராளம். 40, கால்சியம்.

இண்டியம் என்ற உலோகத்தில் நிஜமாகவே இந்தக் குழப்பம் நடந்தது. அதன் ஆக்சைடில் 16 கிராம் ஆக்சிஜனுக்குச் சுமார் 76.5 கிராம் இண்டியம் இருக்கிறது. துத்தநாகத் தாதுவில் கிடைத்த தனிமம் என்பதால் துத்தநாகம் போலவே இணைதிறன் 2 என்று எடுத்துக்கொண்டு, அணுநிறை ஏறக்குறைய 76 என்றார்கள். தனிமங்களை வரிசைப்படுத்திய மெண்டலீவின் அட்டவணையிலோ ஆர்சனிக் 75-க்கும் செலினியம் 79-க்கும் நடுவே இடமே இல்லை. இணைதிறன் 3-ஆக இருக்கவேண்டும் என்று சொல்லி அவர் எண்ணை ஒன்றரை மடங்காக்கினார். அது காட்மியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் நடுவில் 114 அருகே போய் உட்கார்ந்தது. அப்புறம் ஜெர்மன் வேதியியலாளர் புன்சன் அளந்த இண்டியத்தின் தன்வெப்பமும் மெண்டலீவ் பக்கமே நின்றது.