எந்தப் பாயை ஏற்றுவது?

மார்ச் 2

என் படகில் இருப்பது ஒரு பெரிய பாயும், முன்னால் மாற்றி மாற்றி மாட்ட மூன்று பாய்களும்தான். பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் வரை வரும் ஜெனோவா, நடுத்தர ஜிப், அப்புறம் கைக்குட்டை அளவில் ஒரு புயல் ஜிப். பெரிய பாயை இரண்டு கட்டமாகச் சுருக்கலாம். காகிதத்தில் கணக்குப் போட்டால் ஒன்பது விதமாக ஏற்றலாம், உண்மையில் நாலுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

இன்று காற்று 3 நாட்கூட இல்லை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). இப்படிப்பட்ட நாளில் ஜெனோவாதான் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆனால் காற்று இவ்வளவு மெலிந்துபோனால் அந்தக் கனமான துணி தன் பாரத்திலேயே தொங்கிவிடுகிறது. ஒவ்வொரு சிற்றலைக்கும் மரத்தில் போய் அடிக்கிறது, கொஞ்சநஞ்சம் பிடித்திருந்த காற்றையும் உதறிவிடுகிறது. ஜிப்பை மாட்டி, இரண்டு பேரும் காற்று போகிற பக்கத்தில் உட்கார்ந்து படகை வேண்டுமென்றே கொஞ்சம் சாய்த்தோம். துணி தானாகச் சரிந்து வளைவு எடுத்துக்கொண்டது, படகும் நகர்ந்தது. 5 நாட் வந்ததும் ஜெனோவாவுக்கு மாறினோம், அதற்கு மேல் அதன் ராஜ்ஜியம்தான்.

மார்ச் 9

கரையில் 10 நாட். ஜெனோவாவையும் முழுப் பாயையும் ஏற்றச் சரியான காற்று. ஆனால் அரை மணி நேரம் நின்று பார்த்ததில் நடுநடுவே தண்ணீர் கறுத்து ஓடியது, அந்தக் குத்துக்காற்று 14-ஐத் தொட்டிருக்கும். நாலு நாட்தானே கூடுகிறது என்று தோன்றும். பாயில் விழும் விசை காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது, ஆக 10-லிருந்து 14 என்றால் விசை ஏறக்குறைய இரட்டிப்பு. 20 என்றால் நாலு மடங்கு. அதனால் நான் சராசரிக் காற்றுக்குப் பாய் எடுப்பதில்லை, குத்துக்காற்றுக்குத்தான் எடுக்கிறேன். நடுவில் கொஞ்சம் மந்தமாகப் போனால் போகட்டும், பந்தயமா ஓடுகிறோம்?

ஜிப்பை மாட்டினோம். அதை முன்கம்பியில் மாட்டும் கொக்கிகளில் இரண்டு உப்பேறி இறுகிக் கிடந்தன, கட்டை விரலால் அழுத்தினால் முள் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. நல்ல தண்ணீர் ஊற்றி நாலைந்து தரம் இழுத்து விட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. கரையிலேயே இந்தப் பாடு என்றால், ஆடுகிற முன்தளத்தில் மண்டிபோட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் மாட்டுவதை நினைத்துப் பாருங்கள். கிளம்புமுன் சின்னப் பாயை மாட்டுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மார்ச் 17

இந்த நாள்தான் விஷயமே.

காற்று 15 நாட், முதுகுக்குப் பின்னாலிருந்து. படகு 5 நாட் ஓடுகிறது. அதே திசையில் நாமும் போவதால் நம் மேல் உறைப்பது 10 நாட்தான். வெயில் இதமாக இருக்கிறது, பாய் பெரிதாக விரிந்திருக்கிறது, யாருக்கும் எதையும் சுருக்கத் தோன்றாது. கூட வந்த நண்பர், "ஜெனோவாவையே போட்டிருக்கலாமே சார்" என்றார். "திரும்பும்போது பேசிக்கலாம்" என்றேன்.

திரும்பினோம். காற்றை எதிர்த்து 45 பாகையில் அதே 5 நாட் வேகத்தில் போனால் படகின் மேல் வீசுவது கிட்டத்தட்ட 19 நாட். வானிலை துளிகூட மாறவில்லை, நாம் திரும்பியது மட்டும்தான். 10-லிருந்து 19 என்றால் விசை மூன்றரை மடங்குக்கும் மேலே. பின்காற்றில் ஜாலியாகப் போய்ச் சேர்ந்துவிட்டுத் திரும்ப முடியாமல் தவிக்கிற படகுகளுக்கெல்லாம் இந்தக் கணக்குதான் வில்லன். பாயைத் தேர்ந்தெடுப்பது திரும்பி வரும் பாதைக்காக. போகிற பாதை எப்படியும் போய்விடும். நண்பர் அதற்கப்புறம் ஜெனோவா பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 24

பலர் படகு சாய்வதைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்குகிறார்கள். எனக்குச் சாய்வைவிடச் சுக்கான் பிடிதான் நம்பகம். இரண்டு விரலில் நின்ற பிடி முழங்கை வரை இழுக்க ஆரம்பித்தால், படகு மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பப் பார்க்கிறது, பின்பக்கம் பாய் அதிகம் என்று அர்த்தம். அப்போது சுக்கானை வலுவாகத் திருப்பிப் பிடிப்பது தண்ணீரில் பிரேக் போடுகிற வேலை. இன்று 18 நாட் காற்றில் ஜிப் ஏற்கெனவே இருந்தது. பெரிய பாயில் ஒரு கட்டம் சுருக்கியதும் பிடி இளகியது, வேகம் குறையவே இல்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முன்பாயை மட்டும் சின்னதாக்கி, பின்னால் முழுப் பாயை விட்டுவைத்தால் இழுப்பு இன்னும் மோசமாகும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும்.

ஏப்ரல் 1

முன்பாயைச் சுருட்டிக்கொள்ளும் உருளை வாங்கிவிடுங்களேன், பாய் மாற்றுகிற தொல்லையே இருக்காதே என்று கேட்கிறார்கள். வசதிதான். ஆனால் பாதி சுருட்டிய ஜெனோவா நடுவில் பை போலத் தொங்கும், எதிர்க்காற்றில் ஏற வேண்டிய நேரத்தில்தான் அது தட்டையாக இருக்க வேண்டும். முன் ஓரத்தில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஐஎல்சிஏ என்ற ஒற்றை ஆள் பந்தயப் படகுகளில் இதற்கு நேரடியான வழி வைத்திருக்கிறார்கள்: உடல் ஒன்றே, பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும்தான் மாறும், பாய் 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர் என்று மூன்று அளவில். ஓட்டுகிறவரின் எடையைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நானும் இன்னும் கொஞ்ச நாள் கொக்கியோடுதான் மல்லுக்கட்டப் போகிறேன். ஜிப்பின் பின்னோரத்தில் தையல் விட்டிருக்கிறது, முதலில் அதைத் தைக்கக் கொடுக்க வேண்டும்.