கல் பேசும்

வியாசர்பாடி லேத் பட்டறை. புதுச் சாணைக் கல்லை கிரைண்டரில் மாட்டும் முன், அண்ணன் அதன் ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டார். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு.

கணீர்.

அடுத்த கல்லைத் தட்டினார். ஓட்டைப் பானை மாதிரி 'டொக்'. பேசாமல் ஓரமாக வைத்துவிட்டார். எனக்கோ ஒரு கீறலும் தெரியவில்லை.

"உள்ள விரிசல் தம்பி. சுத்தவிட்டா மூஞ்சியிலதான் வெடிக்கும்."

8 அங்குலக் கல், நிமிடத்துக்கு 2,800 சுற்று. கணக்குப் போட்டால் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது! வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி நகரவே இல்லை, அது வேறு விஷயம்.

பொங்கலுக்குப் பானை வாங்கும்போது அம்மாவும் இப்படித்தான், கண்ணை நம்ப மாட்டாள், சுண்டிப் பார்ப்பாள்.

கணீர்க் கல்லை மாட்டியாயிற்று. ஸ்விட்சைப் போட்டுவிட்டு அண்ணன் பக்கவாட்டில் விலகி ஒரு நிமிடம் நின்றார்.

நானும் நின்றேன், அவர் முதுகுக்குப் பின்னால்.