மூணு புளியங்கொட்டை

நவம்பர் 18

26 எழுத்தும் பாட்டாகவே வருகிறது. 'பின்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் 'பி, ஐ, என்' என்கிறார்கள், அதோடு நிற்கிறது. எழுத்தின் பேரை அடுக்கினால் சொல் வராது, ஒலிதான் வேண்டும். இனி கொஞ்ச நாளைக்குப் பேர் கிடையாது. முதலில் ஐந்தே ஒலி: ஸ், ட், ப், ன், இ. பின், டின், சிட், டிப். 'பேட்' நடுவில் வரும் அகலமான ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை, அது அப்புறம். இகரம் ஏற்கெனவே அவர்கள் வாயில் இருக்கிறது.

பொங்கலுக்குள் முடியுமா? அதற்குப் பிறகு ஒருத்தி குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவாள்.

நவம்பர் 19

'பு-இ-னு' என்று சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையாலும் கூட்ட முடியாது. புள்ளி வைத்த ஒலியாகவே சொல்ல வேண்டும்: ப், இ, ன். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்பது ஒண்ணாம் வகுப்பிலேயே கைவந்தது. அந்தப் புள்ளியைப்போல ஒரு சொத்து வேறில்லை.

ஆனால் வாயால் மட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுத விடவே கூடாது. எழுதிவிட்டால் கண் தமிழைப் படிக்கும், கீழே உள்ளதைத் திரும்பியும் பார்க்காது. கைடுகளில் அப்படியே அச்சடித்து விற்கிறார்கள். பார்க்கவே கோபமாக வருகிறது.

நவம்பர் 21

மழை. லீவு.

நவம்பர் 25

ஆளுக்கு மூணு புளியங்கொட்டை, சிலேட்டில் மூணு கட்டம். நான் சொல்லைச் சொல்ல, ஒரு ஒலிக்கு ஒரு கொட்டை தள்ள வேண்டும். 'பின்' என்றதும் பாதிப் பேர் இரண்டைத்தான் தள்ளினார்கள். பி, ன். தமிழ்க் கணக்கில் அது சரிதானே, இரண்டெழுத்து! 'பி-க்குள்ளே யார் யார் இருக்காங்க?' என்று கேட்டால் பலருக்குப் பிடிபடுகிறது. சூளைக்குப் போகிறவளுக்கு இல்லை. மூணாவது கொட்டையைக் கைக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் 3

'சிட்' எல்லாம் 'சிட்டு' ஆகிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, நாக்கு தானாக உகரம் போடும். அதட்டிப் பயனில்லை. 'டிப்' சொல்லி உதட்டை மூடியபடி இரண்டு விநாடி இருக்கச் சொன்னால் உகரம் வெளியே வர வழியில்லை. முதலில் 'ப்' முடிவு, பழகியபின் 'ட்'.

டிசம்பர் 6

'பஸ்', 'பக்கெட்', 'பல்பு' ஒரு டப்பா (b). 'பால்', 'பேனா', 'பத்து' இன்னொன்று (p). படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். காதுக்கு வித்தியாசம் தெரிகிறது. தமிழில் எழுதும்போது மட்டும் ஒரே 'ப'. வாய்க்கு முன்னால் காகிதத் துண்டு ஆடுகிறதா என்று பார்க்கும் வித்தை நம் பேச்சுக்கு அவ்வளவாக உதவாது, நாம் அவ்வளவு காற்று விடுவதில்லை. தொண்டையில் கை வைத்தால் அதிர்வு உடனே தெரியும்.

டிசம்பர் 10

சூளைக்குப் போகிறவள் இரண்டு கொட்டைதான். இன்றும்.

டிசம்பர் 12

'ப்' வெடித்து முடிந்துவிடுகிறது, இழுக்க முடியாது. பிடிபடாதவர்களுக்கு இழுக்கக் கூடிய ஒலியில் தொடங்க வேண்டும். 'ஸ்ஸ்ஸ்ஸிப்'. ஸ் நீளும்வரை முதல் கொட்டையின் மேல் விரல், இகரம் வந்ததும் அடுத்தது. மூணையும் தள்ளிவிட்டாள்! 'ஸிட்', 'ஸின்' இரண்டும் சரி. திரும்ப 'பின்' கேட்டேன், மூணு! அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி இன்னும் 'அரும்பு', அதாவது முதல் படிதான். இருக்கட்டும்.

ஜனவரி 3

லீவில் ஒலிகள் தங்கியிருக்கின்றன. 'பெட்' (bed) எழுதினால் மட்டும் 'பி'யும் (b) 'டி'யும் (d) திசை மாறுகின்றன. இரண்டு கையையும் முட்டி மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி, முட்டிகளை ஒட்டினால் கட்டில். இடது கை முதல் எழுத்து, வலது கை கடைசி எழுத்து.

ஜனவரி 8

மனப்பாடமா, படிப்பா என்று பார்க்க அர்த்தமில்லாத சொற்கள் கொடுத்தேன்: நிம், டெப், பிஸ். நிம் படித்தாள். டெப்பில் திசை தடுமாறித் தானே கையை மடக்கிப் பார்த்தாள்.

இன்னும் இரண்டு நாள்தான்.

ஜனவரி 10

தீப்பெட்டிக்குள் சொல் அட்டைகள் போட்டாயிற்று. பஸ், கப், பெட், பென், டென், நெட் எல்லாம் அவள் தினமும் பேசுகிற சொற்களே, பொருள் கேட்க ஆள் தேவையில்லை. சூளைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்குச் சீட்டு: 'மூன்றெழுத்துச் சொல் கூட்டிப் படிப்பாள். சொல் முடிவில் உகரம் போட்டால் உதட்டை மூடச் சொல்லுங்கள். கடைசியில் ஒலிக்காத ஈ (e) வரும் சொற்கள் இன்னும் தொடங்கவில்லை. தயவுசெய்து ஏ, பி, சி-யிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.'