மெசேஜ் யாருக்குப் போச்சு?

விமானம் ரத்து என்று சொன்னதும் கவுண்டரில் முதலில் வருகிற கேள்வி "எப்ப அனுப்புவீங்க", அடுத்தது "எவ்வளவு தருவீங்க". சென்னை உள்நாட்டு முனையத்தில் நாலு வருஷம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன் (கம்பெனி பெயர் வேண்டாம்), இரண்டாவது கேள்விக்குப் பதில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதிப்படி, 24 மணி நேரத்துக்கு முன்னாலேயே தகவல் சொல்லாமல் ரத்து செய்தால், பயணி ஏற்கிற மாற்று விமானம் தரவேண்டும், இல்லையென்றால் முழு ரீஃபண்டோடு இழப்பீடும் தரவேண்டும். பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் மலரும், அப்புறம்தான் அடுத்த வரியைச் சொல்லவேண்டும்: அல்லது டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. மாசக்கணக்கில் முன்னாடியே மலிவாக டிக்கெட் போட்டவருக்கு இந்த 'எது குறைவோ' வந்து நிற்கும். வரி, விமான நிலையக் கட்டணம் எல்லாம் கழித்துப் பார்த்தால் அடிப்படைக் கட்டணம் என்று என்ன பெரிதாக மிஞ்சும்?

தாமதத்துக்குப் பணமே கிடையாது. ஐரோப்பாவில் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 250 யூரோவிலிருந்து 600 வரை உண்டு என்று கூகுள் செய்துகொண்டு வந்து சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள், இங்கே அந்தச் சட்டம் செல்லாது சார் என்று சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். உள்நாட்டுப் பயணங்களில், இரண்டரை மணி வரை பறக்கிற விமானத்துக்கு இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பாடு, எதுவானாலும் ஆறு மணி நேரம் தாண்டினால் வேறு விமானம் அல்லது முழு ரீஃபண்ட், பெரும்பாலும் அவ்வளவுதான். அதனால்தான் தாமதம் எப்போதும் முக்கால் மணி, முக்கால் மணியாக அறிவிக்கப்படும். போகி அன்று காலையில் சென்னையில் புகை மண்டினால் அது வானிலைக் கணக்கு, இழப்பீடே இல்லை. அது நியாயம். ஆனால் ஒரே விமானம்தான் நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்வரும் என்பதால், டெல்லியில் காலையில் இறங்கிய பனிமூட்டத்தைச் சாயங்காலம் தூத்துக்குடி போகிறவரிடமும் காரணமாகச் சொல்லியிருக்கிறோம்.

தூத்துக்குடி என்றதும் அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் ஞாபகம் வருகிறார்கள். மறுநாள் காலையில் மகளுக்கு வளைகாப்பு. மூன்று நாள் முன்னாடியே ரத்தான விமானத்துக்கு, பை நிறைய வளையலோடு இவர்கள் இரண்டு பேர் மட்டும் வந்து நின்றார்கள்.

"மெசேஜ் அனுப்பியிருக்கோம் ஐயா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வரலையே, என்னம்மா இப்படிச் சொல்லுதீய" என்று பட்டன் போனை எடுத்து நீட்டினார்.

சிஸ்டத்தில் பார்த்தால் எண் வேறு. டிக்கெட் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரர் தன் எண்ணையே கொடுத்திருந்தார், அந்தக் கடையில் போடும் எல்லா டிக்கெட்டுக்கும் அதே எண் போல. டூட்டி மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "டெலிவர்ட்னு காட்டுதுல்ல, நாம சொல்லியாச்சு" என்றார். விதியிலும் அப்படித்தான் இருக்கிறது, முன்பதிவின்போது சரியான தொடர்பு எண் கொடுக்காதவருக்கு இழப்பீடு கிடையாது. எண் கொடுத்தது அவர் இல்லையே என்று நான் சொன்னது எடுபடவில்லை.

மறுநாள் காலை விமானத்தில் இடம் தருகிறேன் என்றேன், அதில் போனால் வளைகாப்பு முடிந்துவிடும், பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்றார்கள். சரி என்று ரீஃபண்ட் போட்டேன். அதுவும் ஏஜென்ட் கணக்குக்குத்தான் போகும், அதையும் நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

"கடைக்காரத் தம்பி நல்ல பையன், குடுத்துருவான்" என்றார். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார், இனிமே எதுவானாலும் இதுக்கே சொல்லிருங்கம்மா என்று. அந்த அம்மா வளையல் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடக்க ஆரம்பித்திருந்தார். ரத்தான டிக்கெட்டைத் திறந்து அந்த எண்ணை டைப் செய்து சேவ் செய்தேன்.